மாடி யாருக்காக? வீட்டைக் கூட்டிக் கட்டும் கேள்வியும் அதன் விடைகளும்

மகனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியதும் அப்பாவின் கண் மொட்டைமாடிக்குப் போவது தமிழ்நாட்டில் பழகிப்போன காட்சி. மேலே ஓர் அறை எடுக்கலாமா, பின்பக்கம் கொல்லையை அடைத்து நீட்டலாமா, அல்லது இருக்கிற வீட்டை இருக்கிறபடி விட்டுவிட்டு அவர்களைத் தனிக்குடித்தனம் வைக்கலாமா? ஆள் கூடும்போதும் குறையும்போதும் வீடு என்ன செய்ய வேண்டும் என்ற இந்தக் கேள்விக்கு மனையடி சாஸ்திரம் ஒரு விடை வைத்திருக்கிறது, மேஸ்திரி ஒன்று வைத்திருக்கிறார். பொறியாளர், சமூகவியலாளர், நகரமைப்பாளர், வழக்கறிஞர் ஆகியோரும் தத்தம் விடையோடு வந்திருக்கிறார்கள். ஒருவர் விடையை மற்றவர் பெரும்பாலும் படித்ததில்லை. அந்த விடைகளை அருகருகே வைத்து, எது எங்கே நிற்கிறது, எங்கே இடறுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முன்கூட்டியே பிரித்து வைத்த வீடு

வீட்டைக் கூட்டிக் கட்டும் தேவையே வராதபடி முதலிலேயே கட்டிவிடுவது பழைய விடைகளில் ஒன்று. அதன் முழு வடிவத்தைச் செட்டிநாட்டில் காணலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1940கள் வரை நகரத்தார் எழுப்பிய வீடுகளில் முகப்பைத் தாண்டினால் வளவு என்னும் உள்முற்றம்; வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. மணமாகிச் சில காலத்தில் மகனையும் மருமகளையும் ‘வேறு வைப்பார்கள்’. கூரை ஒன்றே, அடுப்பு மட்டும் வேறு. அந்த இணை சமூகக் கணக்கில் ஒரு ‘புள்ளி’யாக எண்ணப்படும். வாசலும் வளவும் விசேஷங்களும் பொது. சமையலும் வரவுசெலவும் தனி. கூட்டுக் குடும்பம் என்று நாம் பொதுவாகச் சொல்லும் ஏற்பாட்டிலிருந்து இது கணிசமாக விலகியது. மருமகள் வந்த பிறகு சண்டை வந்து அடுப்பு பிரிவதற்குப் பதிலாக, முறையாகவே பிரித்துவிடும் ஏற்பாடு இது.

இதன் பலவீனமும் தெரிந்ததே. பர்மா, மலேயா, இலங்கை வணிகத்திலிருந்து வந்த பணம் இல்லாமல் இந்த அளவு வீடு கட்ட முடியாது. தலைமுறை நகர நகர ஒரே வீட்டில் பங்குகள் பெருகின. பங்காளிகள் எல்லோரும் ஒப்பாமல் ஓடு மாற்றக்கூட முடியாத நிலை பல வீடுகளுக்கு வந்தது. பூட்டிக் கிடக்கும் வீடுகளும், தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போன வீடுகளும் அதன் விளைவு.

இலங்கையின் கிழக்குக் கரையில் இதற்கு நேர்மாறான ஒரு விடை வழக்கில் உள்ளது. அக்கரைப்பற்றுப் பகுதியில் நெடுங்காலம் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே விவரித்தபடி, அங்கே தமிழரிடையிலும் முஸ்லிம்களிடையிலும் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருகிறார். மூத்த மகளுக்கு மணமானதும் பெற்றோர் மற்றப் பிள்ளைகளோடு அதே மனையிலோ அருகிலோ வேறு வீட்டுக்குப் போகிறார்கள்; காலப்போக்கில் அதுவும் அடுத்த மகளுக்கு உரியதாகும். குடும்பம் பெருகும்போது இடம் மாறுபவர்கள் பெற்றோர். தமிழ்நாட்டில் மாடியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வருவது மகனும் மருமகளும்தான். ‘இயல்பு’ என்று நாம் நினைப்பது ஒரு வட்டாரத்து உறவுமுறை என்பதை இந்த எடுத்துக்காட்டு நினைவூட்டுகிறது.

மனையடி சாஸ்திரத்தைப் பற்றி நீட்டிப் பேச அதிகமில்லை. தென்மேற்கில் உயரமும் கனமும், வடகிழக்கில் தணிவும் திறந்த வெளியும் என்ற விதி இன்றும் மாடி அறை எந்த மூலையில் எழும் என்பதைப் பல வீடுகளில் தீர்மானிக்கிறது. விசாலமான மனையில் நான்கு பக்கமும் கைவசம் இருந்தபோது உருவான விதிகள் இவை. இருபதுக்கு நாற்பது அடி மனையில் மூலைகளைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் குறைவு. கீழே தூண் இருக்கும் மூலை எது என்று பார்ப்பதே அங்கே பாதுகாப்பு.

உடைகிறதா, சுழல்கிறதா?

குடும்பம் சிறுத்துவருகிறது, எனவே பெரிய வீடு தேவையில்லை என்பது 20ஆம் நூற்றாண்டின் பரவலான கருத்து. எண்கள் அதற்குத் துணை நிற்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக நான்கு பேருக்கும் சற்றுக் குறைவு. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் (2019–21) மாநிலத்தின் மொத்தக் கருவள விகிதம் 1.8.

ஆனால் சராசரி என்பது ஒரு நொடியில் எடுத்த படம். ரஷ்யப் பொருளியலாளர் அலெக்சாந்தர் சயானோவ் 1920களிலேயே உழவர் குடும்பம் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, பிரியும் சுழற்சியில் இயங்குகிறது என்று காட்டினார். மானிடவியலாளர் ஜாக் கூடி 1958இல் பதிப்பித்த தொகுப்பின் வழியாக, குடும்பத்தின் வளர்ச்சிச் சுழற்சி மானிடவியலில் நிலைபெற்றது. இந்தியாவில் சமூகவியலாளர் ஏ. எம். ஷா 1973இல் வெளியிட்ட நூலில் குடும்ப உறவு வேறு, ஒரே வீட்டில் வாழும் குழு வேறு என்று பிரித்துக் காட்டி, கூட்டுக் குடும்பம் நேர்கோட்டில் உடைந்துவருகிறது என்ற நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கினார். இன்று நால்வர் வாழும் வீட்டில் பத்து ஆண்டுகளில் ஆறு பேர் இருக்கலாம். அதற்கடுத்த பத்து ஆண்டுகளில் இருவர் மட்டும் இருக்கலாம்.

இந்தப் பார்வை ஏற்கத்தக்கதாகவே தோன்றுகிறது. ஆயினும் கட்டுபவருக்கு இதனால் உடனடிப் பயன் குறைவு. சுழற்சி எந்தப் புள்ளியில் இருக்கிறது என்பதைச் சமூகவியலாளர் சொல்லலாம். அடுத்த புள்ளி பெங்களூரிலா சிங்கப்பூரிலா என்பதை அவர் சொல்ல முடியாது. வேலைக்காக இடம்பெயரும் தலைமுறையில் இந்த ஐயம் முன்னெப்போதையும்விடப் பெரியது.

கம்பி விட்டு வைக்கும் வழக்கம்

மேஸ்திரிகளின் விடை நம் ஊர் வீடுகளின் தலையிலேயே தெரிகிறது. தரைத்தளம் முடித்து, தூண்களின் கம்பிகளை மொட்டைமாடிக்கு மேல் நீட்டி விட்டிருப்பார்கள். பின்னால் மாடி எடுப்போம் என்ற அறிவிப்பு அது. பல வீடுகளில் பிள்ளைகள் தலையெடுத்து வெளியூர் போன பிறகும் அறிவிப்பு மட்டும் நிற்கிறது.

கொள்கையளவில் இது நல்ல யோசனை. அஸ்திவாரத்தைப் பின்னாளில் பெரிதாக்குவது கடினம், செலவும் கூடுதல். முதலிலேயே இரண்டு தளத்துக்குப் போட்டுவிடுவது எளிது. இடறல் நடைமுறையில் வருகிறது. பழைய கம்பியோடு புதிய கம்பியை இணைக்க இரண்டும் போதிய நீளம் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். கம்பியின் விட்டத்தைப் போல் 50 மடங்கு என்ற களக் கணக்குப்படி 16 மி.மீ. கம்பிக்கு 80 செ.மீ., அதாவது இரண்டரை அடிக்கும் மேல். நின்றிருப்பதோ பல இடங்களில் ஒன்றரை அடி. இடையில் மழையும் கடற்காற்றும் கம்பியை அரிக்கின்றன. சிமெண்டுப் பால் பூசியோ மெலிந்த காங்கிரீட்டில் பொதிந்தோ வைத்திருந்தால் தப்பும். வெறுமனே விட்ட கம்பி பத்துப் பதினைந்து ஆண்டில் செதில் செதிலாக உதிரும். குட்டையான கம்பிக்குத் துளையிட்டு இரசாயனப் பசை கொண்டு புதுக் கம்பி நடும் முறை இப்போது உண்டு. ஆனால் அது தேர்ந்த கைக்குரிய வேலை. துளையின் தூசியை ஊதி எடுக்காமல் பசை ஊற்றினால் கம்பி பிடிமானமின்றிச் சும்மா நிற்கும்.

விதிகளும் நகர்கின்றன. 2002இல் நிலநடுக்கக் குறியீடு திருத்தப்பட்டபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டுமானத்துக்கான 2016ஆம் ஆண்டுக் குறியீடு தூணின் குறைந்தபட்ச அகலத்தை 300 மி.மீ. ஆக்கியது. ஒன்பது அங்குலத் தூண்களோடு 1990களில் கட்டிய வீடு அன்றைய வழக்குப்படி சரி. அதன்மேல் இன்று ஏற்றும் தளம் இன்றைய கணக்குக்கு உட்பட வேண்டும். இந்த இடைவெளியை மேஸ்திரி மரபு பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

எடையைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்பது நல்லது. பத்தடி உயர ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இருபக்கப் பூச்சோடு, ஓர் அடி நீளத்துக்குச் சுமார் 450 கிலோ. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறையின் நான்கு சுவரும் சேர்ந்தால், கதவு சன்னல் கழித்தும், 20 டன்னை ஒட்டி வரும். மேலே ஐந்து அங்குலத் தளம் இன்னொரு நான்கு டன். ஆளும் கட்டிலும் பீரோவும் சேர்ந்த சுமை, குறியீட்டுக் கணக்கில்கூட, மூன்று டன்னுக்குள்தான். அதாவது அறையில் வாழ்பவர்களைவிட அறைதான் வீட்டை அழுத்துகிறது. சுவரை ஏஏசி எனப்படும் இலேசான கற்களால் எழுப்பினால் சுவரின் எடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். கீழே பீமோ சுவரோ இல்லாத இடத்தில், வெறும் தளத்தின் மேல் மாடிச் சுவரை ஏற்றுவதே அடிக்கடி நடக்கும் தவறு. கீழறையின் விதானத்தில் குறுக்கே ஓடும் விரிசல் அதன் அடையாளம். பழைய தட்டோட்டையும் அதன் கீழுள்ள ஜல்லிச் சுண்ணாம்பையும் எடுக்காமல் மேலேயே தரை போடுவதும் இந்த வகைதான். பயனற்ற சில டன்களை வீடு காலமெல்லாம் சுமக்கும்.

பக்கத்தில் நீட்டுவது எளிது என்ற எண்ணமும் பாதியே உண்மை. பழைய அஸ்திவாரம் பல ஆண்டுகளாக அமுங்கி நிலைத்துவிட்டது. புதியது இனிமேல்தான் அமுங்கும். இரண்டையும் இறுகக் கட்டிப் பிணைத்தால் சேருமிடத்தில் விரிசல் விழும். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் கரிசல் மண்ணில் இது இன்னும் கடுமை. புதுப் பகுதிக்குத் தனி அஸ்திவாரம் போட்டு இடையே இடுக்கு விடுவதைப் பொறியாளர்கள் விரும்புகிறார்கள். அந்த இடுக்கில் மழைநீர் இறங்காமல் காப்பதே பிறகு நிரந்தரக் கவலை.

இவற்றுக்கெல்லாம் மேலான தடை ஒரு காகிதம். அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம், அடியில் என்ன அளவு, எத்தனை கம்பி என்று காட்டும் வரைபடம் பெரும்பாலான வீடுகளில் இல்லை. பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பவர்கள் இதை எறிந்துவிடுகிறார்கள். தூணோரம் குழி தோண்டிப் பார்ப்பதைத் தவிர அப்போது வேறு நம்பகமான வழியில்லை.

இந்தத் தடைகளைத் தாண்டாமல் தப்பிக்கும் குறுக்கு வழி தகரக் கூரை. இரும்புச் சட்டம் நட்டு மேலே தகடு போட்ட அறை, எடைக்கு நல்லது. மே மாதப் பகலில் அதற்குள் படுக்க முடியாது என்பதும், 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் இத்தகைய கூரைகளை என்ன செய்தது என்பதும் கணக்கின் மறுபக்கம்.

பாதி வீடு

கட்டடக் கலைஞர்களிடமிருந்து வந்த விடை வேறு திசையைச் சேர்ந்தது. பெரு நாட்டுக் குடிசைப் பகுதிகளில் பணியாற்றிய ஜான் டர்னர் 1970களில், வீடு என்பது முடிந்த பொருளாக இருக்க வேண்டியதில்லை, குடும்பம் தன் வசதிக்கேற்பத் தொடர்ந்து செய்யும் செயல் என்று வாதிட்டார். லிமாவில் 1960களின் இறுதியில் தொடங்கிய ப்ரெவி திட்டம் வளரக்கூடிய வீடுகளை உலகக் கட்டடக் கலைஞர்களிடம் கேட்டது. அதில் பங்கேற்ற சார்லஸ் கொரியா பின்னர் நவி மும்பையின் பேலாப்பூரில், எந்த இரு வீடும் சுவரைப் பகிராதபடி அமைத்தார். பக்கத்து வீட்டாரைக் கேட்காமலே ஒவ்வொருவரும் கூட்டிக் கட்டலாம் என்பது அதன் உட்கருத்து. இந்தூரின் ஆரண்யாவில் பி. வி. தோஷி கழிப்பறை, குழாய் வசதி கொண்ட சேவைக் கருவையும் மனையையும் கொடுத்து மீதியைக் குடும்பங்களிடம் விட்டார். சிலியின் இகிகே நகரில் 2004இல் அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழு சுமார் 100 குடும்பங்களுக்கு நல்ல வீட்டின் கடினமான பாதியைக் கட்டிக்கொடுத்து, மறுபாதிக்கு வெற்றிடம் விட்டது.

இதே அலை சென்னைக்கும் வந்தது. உலக வங்கி உதவியோடு 1977இல் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சாலை, குடிநீர், கழிவுநீர் வசதியோடு சிறு மனைகள் கொடுக்கப்பட்டன; வீட்டைக் குடும்பங்கள் தாங்களே படிப்படியாகக் கட்டிக்கொண்டன. இத்தகைய திட்டங்கள் மெதுவானவை, ஏழைகளைச் சென்றடையாதவை என்று கருதி 1990களில் கைவிடப்பட்டன. ஆனால் மும்பை, சென்னைத் திட்டங்களை இருபதாண்டுகள் கழித்து மீண்டும் பார்த்த ஓர் ஆய்வு, 2018இல், அந்தத் தீர்ப்பு அவசரமானது என்று வாதிட்டது. வெவ்வேறு வருவாய்க் குடும்பங்கள் கலந்து வாழும், நெருக்கமான, நன்கு இயங்கும் பகுதிகளாக அவை வளர்ந்திருந்தன.

இதற்கு எதிர்ப்பும் வலுவானது. ஆய்வாளர் ராட் பர்கஸ் 1970களின் இறுதியிலேயே, ‘தானே கட்டிக்கொள்ளும் சுதந்திரம்’ அரசின் பொறுப்பைக் குடும்பத்தின் தலையில் ஏற்றுவதாக விமர்சித்தார். துண்டு துண்டாகக் கட்டும்போது சதுர அடிக்கு ஆகும் செலவு கூடுகிறது. சென்ட்ரிங்கும் சாரமும் ஒவ்வொரு முறையும் புதிதாக வர வேண்டும். வளரும் வீட்டைப் புகழும் எழுத்துகளில் அந்த வீட்டுக்குள் சிமெண்டுத் தூசியோடு சமைத்து, பிள்ளையைப் பரீட்சைக்குப் படிக்க வைக்கும் பெண்ணைப் பற்றிய வரி அரிது. இந்த விமர்சனத்துக்குப் போதிய பதில் இன்னும் வரவில்லை என்றே தோன்றுகிறது.

படிக்கட்டும் மீட்டரும்

மேற்கண்ட விடைகளில் பெரும்பாலானவை இடத்தைப் பற்றியவை. கூட்டிக் கட்டுவதன் மெய்யான உள்ளடக்கமோ குடும்பம் எப்படிப் பிரிந்து சேர்ந்து வாழப் போகிறது என்பது. அது படிக்கட்டில் தெரியும். படி வீட்டுக்குள் இருந்தால் மாடி, கூடத்தின் நீட்சி. வெளியே இருந்தால் அது தனி வீடு. மகன் இருந்தாலும் வாடகைக்காரர் இருந்தாலும். படியை வெளியே வைப்பதற்கு வருங்கால வாடகை காரணமாகச் சொல்லப்படும். மருமகள் தன் விருப்பப்படி வந்துபோகலாம் என்ற ஏற்பாடு அதனுள் ஒளிந்திருக்கும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மேலே சமையலறைக்குக் குழாய் வைப்பதா வேண்டாமா என்பது அடுத்த முடிவு. வளவு வீட்டில் சடங்காக நடந்த அடுப்புப் பிரிவை இன்று பிளம்பரிடம் பேசி முடிக்கிறார்கள்.

அரசும் இந்தப் பிரிவை ஊக்குவிக்கிறது. 2016 முதல் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம்; பயன்பாடு ஏற ஏறக் கட்டணமும் ஏறும். எனவே மாடிக்குத் தனி மீட்டர் வாங்குவது சிக்கனம். ஒரு குடும்பமா இரண்டா என்ற கேள்விக்குப் பல வீடுகளில் எழுத்தில் கிடைக்கும் முதல் விடை மின் அட்டைதான்.

கட்டட விதிகள் இன்னொரு பக்கம். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பக்க இடைவெளியைக் காக்கச் சொல்கின்றன. பக்கத்தில் நீட்டும் அறை விழுங்குவது பெரும்பாலும் அந்த இடைவெளியைத்தான். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு அனுமதியை எளிதாக்கியது. அனுமதி எளிதானதால் பழைய அஸ்திவாரத்தைச் சோதிக்கும் பழக்கம் வளருமா, குறையுமா என்று சொல்ல இன்னும் காலம் ஆகும்.

சட்டம் தொடும் இடம் இன்னும் நுட்பமானது. அப்பா பெயரிலுள்ள மனையில் மகன் தன் சம்பாத்தியத்தில் மாடி எடுத்தால், தனி ஆவணம் இல்லாதவரை, அந்த மாடி நிலத்தோடு சேர்ந்தே எண்ணப்படும் ஆபத்து உண்டு. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தம் கூட்டுக் குடும்பச் சொத்தில், அதுவரை மணமாகாத மகள்களுக்குப் பிறப்புரிமை தந்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவோ, குடும்பம் குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கும்படி பெண் வாரிசு கேட்பதை, ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும் வரை தடுத்தது. 2005 திருத்தம் அதை நீக்கியது. மாடியில் மகன் போட்ட பணமும் மனையில் மகளுக்குள்ள பங்கும் மோதும் வழக்குகளின் வேர் இங்கே இருக்கிறது. கட்டும் முன்பே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்பது வழக்கறிஞர்களின் விடை. சரியான விடைதான். சிமெண்டு மூட்டை இறங்கும் நல்ல நாளில் பங்குப் பேச்சை எடுக்க எந்த வீட்டில் யாருக்கு வாய் வரும் என்பது வேறு விஷயம்.

கீழே வேண்டிய அறை

கூட்டிக் கட்டும் பேச்சில் மிகவும் பின்தங்கிய பகுதி முதுமை. 2011இலேயே தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். அந்தப் பங்கு ஏறிக்கொண்டிருக்கிறது. மகனுக்காக எடுக்கும் மாடி, பதினைந்து ஆண்டுகளில் ஏற முடியாத மாடியாகிறது. அப்போது தேவைப்படுவது தரைத்தளத்தில் குளியலறையோடு சேர்ந்த ஓர் அறை. நம் குளியலறைக் கதவுகள் வழக்கமாக இரண்டரை அடி. நிலைச்சட்டம் போக மிஞ்சும் வழியில் சக்கர நாற்காலி தட்டுத் தடுமாறும். மூன்றடிக் கதவு, வழுக்காத தரை, படியோடு ஒரு சாய்தளம், கைப்பிடி பொருத்தத் தாங்கும் சுவர் ஆகியவை செலவில் சிறியவை. பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம் என்ற சாய்தள அளவுக்கு இடம் கேட்டால் மட்டும் சின்ன மனைகள் கையை விரிக்கின்றன. இரண்டடி உயரப் பேஸ்மெண்டுக்கு 24 அடி நீளம் வேண்டும்.

2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பராமரிக்கும் நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தைப் பராமரிப்பு தவறினால் மீட்க வழி செய்கிறது. சொத்தைக் காக்கும் சட்டம் அது. மாடிக்கும் தரைக்கும் இடையே யார் எத்தனை முறை இறங்கி வருவார்கள் என்பதை அதனால் எழுதி வைக்க முடியாது.

இன்னும் முடிவாகாதவை

இந்த விடைகளில் முழுதாகத் தள்ளத்தக்கது ஏதுமில்லை. தனித்து நிற்கும் வலு எதற்கும் இல்லை. பொறியாளரின் எச்சரிக்கை மற்றவற்றுக்கு முந்தியது என்பதில் ஐயமில்லை. தாங்காத தூணின் மேல் எந்த உறவு ஏற்பாடும் நிலைக்காது. அதற்கு அடுத்தபடியாக, படி, அடுப்பு, பத்திரம் ஆகிய மூன்றையும் செங்கல் வரும் முன் பேசிவிடுபவர்களுக்குத் தொல்லை குறையும் என்று கருத இடமுண்டு. செட்டிநாட்டாரின் வேறு வைத்தலும் கிழக்கிலங்கையின் சீதன வீடும் நெடுங்காலம் நின்றதற்குக் கட்டட அமைப்பைவிட முன்கூட்டியே வகுத்த முறையே காரணமாகலாம். ஆனால் அந்த முறைகளின் அதிகாரம் சமூகத்திடம் இருந்தது. இன்றைய குடும்பத்தில் அதை யார் வகுப்பது என்பது திறந்தே கிடக்கிறது.

இரண்டு தளத்துக்கான அஸ்திவாரத்தை முதலிலேயே போடுவது லாபமா என்பதும் முடிவாகவில்லை. எத்தனை வீடுகளில் விட்டு வைத்த கம்பி உண்மையில் பயன்பட்டது என்று யாரேனும் தெருத் தெருவாக எண்ணினால் அதற்குப் பாதி விடை கிடைக்கும்.

இதைவிடப் பெரிய இடைவெளி ஒன்று உண்டு. சாஸ்திரம், மேஸ்திரி, தோஷி, அரவேனா எல்லோருமே குடும்பம் பெருகும் என்ற நம்பிக்கையில் பேசியவர்கள். இரண்டு பேர் மட்டும் மிஞ்சிய வீட்டை எப்படிச் சுருக்குவது, ஏறாத மாடியை வாடகைக்கு விடுவதா, படியை மாற்றித் தனி வீடாக்குவதா, பாதியைப் பிரித்து விற்க விதியும் வங்கியும் இடம் தருமா என்ற கேள்விகளுக்கு நம்மிடம் மரபும் இல்லை, நூலும் அதிகமில்லை. பிள்ளைகள் குறைந்து முதியோர் கூடும் மாநிலத்தில் அடுத்த இருபதாண்டுகளில் கொத்தனாரிடம் வரப்போகும் வேலை இந்தப் பக்கத்திலிருந்தே அதிகம் வரக்கூடும்.